தாழ்மையும் தாழ்த்தப்படுதலும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புணேயில் நான் செல்லும் சிறிய தமிழ்ச் சபையில் ஆராதனை முடிந்தபின் கட்டட நிதி குறித்து ஒரு கூட்டம் நடந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அக்கா எழுந்து, ஓராண்டுக்கும் மேலாக வரவு செலவு வாசிக்கப்படவில்லையே, எப்போது வாசிப்பீர்கள் என்று கேட்டார். அவர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஒப்பந்தக்காரரின் கீழ்த் துப்புரவுப் பணி செய்பவர். ஊதியம் எத்தனை நாள் தாமதமானாலும் தசமபாகத்தைத் தவறாமல் செலுத்துபவர். மேடையிலிருந்து வந்த மறுமொழியில் கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "சகோதரி, முதலில் தாழ்மை வேண்டும். தாழ்மை இருக்கிற இடத்தில்தான் கிருபை தங்கும்" என்றார்கள். அக்கா அமர்ந்துவிட்டார். ஜெபத்தோடு கூட்டம் முடிந்தது.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அக்கா கேட்டது நியாயமான கேள்வி என்று எனக்குத் தெரியும். ஆயினும் வாய் திறக்கவில்லை. விடுதிக்குத் திரும்பும் வழியில், பெரியவர்கள் முன்னிலையில் பேசாதிருந்ததுதான் பணிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பணிவன்று, அச்சம் என்பதை ஒப்புக்கொள்ள இரண்டு நாள்கள் ஆயின. அந்த இரண்டு நாள்களில் 'தாழ்மை' என்ற சொல்லையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொழியியல் படித்தவனுக்கு மனம் கலங்கும்போது சொற்களிடம்தான் முதலில் போகத் தோன்றுகிறது. இப்பதிவு அதன் விளைவு. நான் இறையியல் கற்றவனல்லேன். சபையில் வளர்ந்த ஒரு விசுவாசியாகவே எழுதுகிறேன்.

தாழ் என்பது தன்வினை. கிளை தாழ்கிறது, தலை தாழ்கிறது. தாழ்த்து என்பது பிறவினை. ஒருவர் மற்றொன்றைத் தாழச் செய்கிறார். இதிலிருந்து தமிழ் இரண்டு வழிகளில் பிரிகிறது. ஒரு வழியில் 'கொள்' என்னும் துணைவினை சேர்ந்து 'தாழ்த்திக்கொள்' என்றாகிறது. செய்பவரும் செயலுக்கு உள்ளாகிறவரும் அங்கே ஒருவரே. மற்றொரு வழியில் 'படு' சேர்ந்து 'தாழ்த்தப்படு' என்னும் செயப்பாட்டுவினை ஆகிறது. தாழ்த்தப்பட்டோர் என்று எழுதும்போது யாரால் தாழ்த்தப்பட்டார்கள் என்பதைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். இலக்கணம் அதற்கு இடமளிக்கிறது. நம் சமூகம் அந்த இடத்தை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது.

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் கிறிஸ்துவின் தாழ்மையைப் பேசும்போது முதல் வழியையே காட்டுகிறார். உயர்ந்த நிலையில் இருந்தவர், அதைப் பற்றிக்கொண்டிராமல், தாமாகவே இறங்கி வந்தார் என்பதே அந்தப் பகுதியின் சாரம். சிலுவையில் மனிதர் அவரை இழிவுபடுத்தினர் என்பது உண்மை. ஆனால் அவரது தாழ்மை அவர்களுடைய செயலாக எங்கும் கூறப்படவில்லை. அவரை அறைந்தவர்கள் அவருக்குத் தாழ்மையைக் கற்பித்தார்கள் என்று எந்தச் சுவிசேஷகரும் எழுதவில்லை.

ஆகவே வேதத்தில் தாழ்மைக்கான கட்டளை இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொருவரும் தமக்குத் தாமே நிறைவேற்றிக்கொள்ள வேண்டிய கட்டளை. அதை நான் பிறர்மீது நிறைவேற்ற முற்படும் கணத்திலேயே வினை மாறிவிடுகிறது. 'நீ தாழ்மையாயிரு' என்று அதிகாரம் உள்ளவர் அதிகாரம் இல்லாதவரிடம் கூறும்போது அங்கே நடப்பது பெரும்பாலும் தாழ்த்துதலே. இந்தியாவில் இது சிறு விஷயமன்று. இந்நாட்டுக் கிறிஸ்தவர்களில் மிகப் பலர் தலித் மக்களும் பழங்குடி மக்களும் ஆவர். தலைமுறை தலைமுறையாகப் பிறரால் தாழ்த்தப்பட்டவர்கள், தங்களைத் தேவன் நிமிர்த்துவார் என்று நம்பியே சபைக்குள் வந்தார்கள். கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கென்று சுவர் எழுப்பிய சபைகள் நம்மிடையே உண்டு. அந்தச் சுவரின் நிழலில் நின்று தாழ்மையைப் பிரசங்கிக்கும்போது யாரை நோக்கிப் பிரசங்கிக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டாமா?

புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் இச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. தாழ்ந்த நிலையைக் குறிக்கும் 'தபெய்னோஸ்' என்ற சொல், பழைய கிரேக்க வழக்கில் பெரும்பாலும் இழிவுச் சொல். அடிமைத்தனம், கீழ்மை, துணிவின்மை முதலிய பொருள்கள் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கிறிஸ்தவ எழுத்துகளே அதைப் பரவலாக ஒரு நற்பண்பின் பெயராக உயர்த்தின. அடிமைகளும் எளியோரும் நிறைந்த தொடக்ககாலச் சபைகளில் அச்சொல் எவ்வாறு கேட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். எசமானும் இனி அந்தச் சொல்லால் அழைக்கப்படத் தயாராக இருக்க வேண்டும். அவ்வளவில் அது புரட்சி. அடிமையிடம் மட்டும் திரும்பவும் அதே சொல்லைக் கொடுத்தால் பழைய பொருளே மீண்டு வந்துவிடும்.

இனி கிருபை. சீர்திருத்தச் சபையினர் கிருபை என்கிறோம். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அருள் என்கிறது. சொல் எதுவாயினும், அது வாக்கியத்தில் எவ்வாறு அமர்கிறது என்பதைப் பாருங்கள். 'எனக்குக் கிருபை கிடைத்தது.' நான் அங்கே எழுவாய் அல்லேன். நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறேன். வினைமுற்றும் என்னோடு இயையவில்லை, கிடைத்த பொருளோடு இயைகிறது. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு வலிக்கிறது என்று நாம் சொல்வதும் இவ்வாறே. என்னிடம் நிகழ்கிற, ஆனால் நான் ஆள முடியாத அனுபவங்களுக்குத் தமிழ் இந்த இருக்கையைத் தருகிறது. மராத்தியிலும் 'மலா' என்று தொடங்கும் வாக்கியங்கள் இதையே செய்கின்றன. இந்த அமைப்பு திராவிட மொழிகளிலும் இந்தோ ஆரிய மொழிகளிலும் பரவலாக உண்டு. இலக்கணத்தைக் கொண்டு இறையியலை நிறுவ முடியாது. அதை நான் முயலவும் இல்லை. கிருபையைப் பெறுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை நம் மொழி நமக்கு நாள்தோறும் நினைவூட்டுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது மேடையிலிருந்து வந்த அந்த மறுமொழியை மீண்டும் பாருங்கள். முதலில் தாழ்மை, பிறகு கிருபை. அதாவது, தாழ்மை என்ற விலையைக் கொடுத்தால் கிருபை என்ற பொருள் கைக்கு வரும். விலை கொடுத்து வாங்குவதைக் கிருபை என்று யாரும் சொல்லமாட்டார்கள், அது கொள்முதல். 5ஆம் நூற்றாண்டில் பெலாகியுவைப் பின்பற்றியோரோடு அகுஸ்தீன் நடத்திய நீண்ட வாதத்தின் உட்கரு இதுதான். மனிதனின் நல்ல முயற்சிக்குப் பரிசாகக் கிருபை வருகிறதா, அல்லது அந்த நல்ல முயற்சியே கிருபையால் விளைகிறதா? அகுஸ்தீன் இரண்டாவதைப் பற்றி நின்றார். அவ்வாறாயின் தாழ்மை கிருபைக்கு முன்நிபந்தனை ஆகாது. கிருபையைப் பெற்றவரிடம் அது பின்னர் தோன்றும் நிறம். தான் வைத்திருப்பதெல்லாம் பெற்றுக்கொண்டதே என்று உணர்ந்தவருக்குப் பெருமைப்பட இடமில்லாமல் போகிறது. அதே காரணத்தால் அஞ்சவும் இடமில்லாமல் போகிறது. இந்த இரண்டாவது விளைவைப் பற்றி நம் பிரசங்கங்கள் அதிகம் பேசுவதில்லை.

இதை எனக்கு விளங்கவைத்தவர் பண்டித ரமாபாய். புணேயிலிருந்து தவுண்டு செல்லும் இருப்புப்பாதையில் கேட்காவ் என்ற ஊர் இருக்கிறது. அவர் நிறுவிய முக்தி மிஷன் அங்கே இன்றும் இயங்குகிறது. ஆய்வுக்காக மராத்தி கற்கத் தொடங்கிய ஆண்டில் அவரைப் படிக்கத் தொடங்கினேன், இன்னும் முடிக்கவில்லை.

1858இல் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி, பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்றிருந்த காலத்தில் தம் மனைவிக்குக் கற்பித்தவர். அந்தத் தாயே ரமாபாய்க்கு ஆசிரியை. ஊர் ஊராகப் புராணம் வாசித்து வாழ்ந்த அந்தக் குடும்பத்தை 1870களின் பஞ்சம் விழுங்கியது. பெற்றோரையும் அக்காளையும் இழந்த ரமாபாய், அண்ணனோடு நெடுந்தொலைவு நடந்து 1878இல் கல்கத்தா சேர்ந்தார். அங்கே அறிஞர்கள் அவருக்குப் 'பண்டிதா' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டமளித்தார்கள். தம் சாதிக்கு வெளியே மணந்தார்; இரண்டாண்டுக்குள் கணவரையும் இழந்தார். 1883இல் இங்கிலாந்து சென்று, அங்கே வான்டேஜ் நகரில் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

பெரும்பாலான சாட்சி நூல்கள் இந்த இடத்தில் மகிழ்ச்சியோடு முடிந்துவிடும். ரமாபாயின் கதை இங்கேதான் சிக்கலாகிறது. அவரது ஆன்மிகத் தாயாக விளங்கிய அருள்சகோதரி ஜெரால்டினுக்கும் அவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து 1977இல் நூலாக வெளிவந்தது. திரித்துவம் பற்றி ரமாபாய் கேட்கிறார். சிலுவையில் இலத்தீன் எழுத்துகள் எதற்கு, சமஸ்கிருத எழுத்துகள் ஆகாதா என்று கேட்கிறார். ஆண் மாணவர்களுக்கு அவர் பாடம் சொல்வது தகாது என்று திருச்சபை மேலிடத்தார் தடுத்தபோது அதையும் எதிர்க்கிறார். ஒரு புரோகித வர்க்கத்தின் நுகத்திலிருந்து அரும்பாடுபட்டு விடுபட்டவள், அதே போன்ற இன்னொரு நுகத்துக்குள் உடனே கழுத்தை நீட்டமாட்டேன் என்ற பொருளில் எழுதுகிறார். அவருக்கு வந்த குற்றச்சாட்டுகளில் பெருமை, பிடிவாதம் என்பவை முதன்மையானவை. ஜெரால்டின் கெட்டவரல்லர், ரமாபாயை உண்மையாகவே நேசித்தவர். ஆயினும் நேசிக்கிறவர்களும் 'தாழ்மை' என்ற சொல்லால் வாயை மூட முயல்வார்கள் என்பதற்கு அந்தக் கடிதங்கள் சான்று.

இதே ரமாபாய் பிற்காலத்தில், 1907இல் வெளிவந்த தம் சாட்சியில், ஞானஸ்நானம் பெற்ற காலத்தில் தாம் கண்டுகொண்டது கிறிஸ்துவின் மதத்தையே, கிறிஸ்துவை அல்ல என்று ஒப்புக்கொள்கிறார். வாதத்தாலும் ஒப்பீட்டாலும் ஒரு நல்ல மதத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்றிருந்தவருக்கு, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்தே, தாம் எதையும் தேர்ந்தெடுத்து வெல்லவில்லை, தமக்கு இலவசமாகத் தரப்பட்டது என்ற உணர்வு வந்தது. பதினெண்ணாயிரம் சுலோகங்களைக் கொண்ட பாகவதத்தை இளமையிலேயே கற்றிருந்த ஒரு பேரறிஞர், எழுவாயின் இருக்கையிலிருந்து நான்காம் வேற்றுமைக்கு நகர்ந்த கணம் அது.

அந்த நகர்வுக்குப் பின் அவர் அடங்கிப் போனாரா? இல்லை. யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் பணி செய்தார். 1896 முதல் 1897 வரை மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தபோது தாமே அங்கே சென்று, ஏறத்தாழ 300 சிறுமியரையும் பெண்களையும் அழைத்துவந்தார். தம் பெற்றோரைப் பஞ்சத்துக்குக் கொடுத்தவர் பஞ்சத்தின் நடுவே நடந்து போனார். சமூகம் 'கெட்டவர்கள்' என்று ஒதுக்கிய பெண்களுக்காக ஓர் இல்லம் அமைத்து அதற்குக் 'கிருபா சதன்' என்று பெயரிட்டார். தகுதியைப் பற்றிக் கேட்காமல் திறக்கும் கதவுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது.

மொழி பயிலும் எனக்கு மிகவும் நெருக்கமானது அவரது இறுதிப் பணி. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, முழு வேதாகமத்தையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். சமஸ்கிருதப் புலமைக்காகப் பட்டம் பெற்றவர், சமஸ்கிருதச் செழுமையை வேண்டுமென்றே களைந்து, குறைந்த படிப்புடைய கிராமத்துப் பெண்ணுக்கும் விளங்கும் எளிய மராத்தியைத் தேடினார். முக்தியின் அச்சகத்தில் அங்கே வாழ்ந்த பெண்களே அதை அச்சிட்டார்கள். 1922 ஏப்ரல் 5ஆம் நாள் மறைவதற்குச் சற்று முன்னர் அப்பணியை நிறைவு செய்தார். அந்த மொழிபெயர்ப்பு சபைகளில் பொது வழக்குக்கு வரவில்லை. ஆயினும் தாழ்மைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நான் அதையே காட்டுவேன். தமக்குச் சமஸ்கிருதம் தெரியாது என்று அவர் ஒருபோதும் பாசாங்கு செய்யவில்லை. தெரிந்ததை யார் காலடியில் வைப்பது என்பதைத் தாமே தீர்மானித்தார். ஆயர்களுக்கு முன் வளையாத முதுகு, பஞ்சத்தில் அழைத்துவந்த சிறுமியருக்கு முன் வளைந்தது.

தாழ்மையை உண்மையோடு பிணைத்துப் பேசியவர் 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலாவின் தெரேசா. உள்ளதை உள்ளபடி அறிதலே அவருக்குத் தாழ்மை. அப்படியானால் தன் திறமையை மறுப்பவர் பொய் பேசுகிறார். கணக்கு வாசிக்கப்படவில்லை என்று தெரிந்தும் வாளாவிருப்பவரும் அவருக்கு அருகில்தான் நிற்கிறார். நான் அன்று மூன்றாவது வரிசையில் செய்தது அதுவே.

இவ்வளவும் சொன்ன பிறகு என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இல்லையெனில் இப்பதிவும் ஒரு மேடையாகிவிடும்.

சென்ற ஆண்டு எனக்கு உதவித்தொகை நான்கு மாதம் வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எப்படியோ அறிந்துகொண்ட அதே அக்கா, ஓர் ஆராதனைக்குப் பின் ஒரு காகித உறையை என் கையில் திணித்தார். உள்ளே 500 ரூபாய். "வேண்டாம் அக்கா, எனக்கு எதுக்கு, நான் சமாளிச்சுக்கிறேன்" என்று மறுத்தேன். மிகுந்த பணிவோடு மறுத்ததாகவே எண்ணினேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "வாங்கிக்கோ தம்பி. குடுக்கத் தெரிஞ்சா மட்டும் போதுமா? வாங்கவும் தெரியணும்" என்றார்.

அவர் சொன்னது உறைத்தது. துப்புரவுப் பணி செய்யும் ஒருவரிடமிருந்து நான், ஆய்வாளன், பணம் வாங்குவதா என்பதே என் மறுப்பின் அடியில் கிடந்தது. அவருக்குக் கொடுக்கும் நிலையில் நான் இருக்க வேண்டும். பெறும் நிலையில் இருக்கலாகாது. பணிவின் உடையில் வந்தது பெருமை. யோவான் சுவிசேஷத்தில் ஆண்டவர் கால்களைக் கழுவ வந்தபோது பேதுரு மறுத்தது எனக்கு அன்றுதான் விளங்கியது. அந்த மறுப்பும் பார்வைக்குப் பணிவாகவே இருந்தது. ஆனால் கழுவப்பட இசையாதவருக்குத் தம்மோடு பங்கில்லை என்று ஆண்டவர் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். கிருபையைப் பெறுவது எளிதன்று. நம்மை அண்டிவாழ்பவர் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த ஒருவரின் கையிலிருந்து அது வரும்போது இன்னும் கடினம். நான் அந்த உறையை வாங்கிக்கொண்டேன். அந்த மாத உணவு விடுதிக் கணக்கில் ஒரு பகுதி அதிலிருந்துதான் அடைந்தது.

அந்த அக்காவுக்குத்தான் சென்ற மாதம் தாழ்மை கற்பிக்கப்பட்டது.

ஓர் எதிர்வாதத்தை நானே எழுப்பிக்கொள்கிறேன். இப்படிப் பேசினால் சபையில் எவரும் எவருக்கும் கீழ்ப்படியமாட்டார்கள், கண்டித்துத் திருத்தவும் வழியிராது என்று சிலர் சொல்லக்கூடும். அந்தக் கவலையை நான் எளிதாகத் தள்ளவில்லை. எவருக்கும் தலைவணங்கேன் என்பதையே அடையாளமாகக் கொண்டு திரிவதும் ஒரு நோய். ஆய்வுலகில் அந்நோய் எங்களிடம் நிறையவே உண்டு. ரமாபாயும் குறையற்றவரல்லர். கண்டித்தல் தேவை. ஆனால் கண்டிக்கிறவர், தாமும் அதே கண்டிப்புக்குத் திறந்திருக்கிறார் என்பதைக் காட்டினால்தான் அது சகோதரக் கண்டிப்பு. கணக்கைக் கேட்டவரிடம் முதலில் கணக்கைக் கொடுங்கள். அதன் பிறகு அவர் கேட்ட தொனி தவறாக இருந்ததா என்று பேசலாம். இந்த வரிசை மாறும்போது, தாழ்மை பற்றிய உபதேசம் பொறுப்பிலிருந்து தப்பிக்கும் கதவாகிவிடுகிறது.

முயற்சி வேண்டாமா என்று கேட்போருக்கும் ஒரு சொல். வானம் பார்த்த பூமியில் உழுபவர் உழாமல் இருப்பதில்லை. பருவத்துக்கு முன் மண்ணைப் பிளந்து, புழுதியாக்கி, வரப்பைச் சீர்செய்து வைக்கிறார். ஆனால் தாம் உழுததால் மழை வந்தது என்று அவர் சொல்வதில்லை. மழை பெய்யாத ஆண்டில் பக்கத்து நிலத்துக்காரனின் பெருமையே காரணம் என்று பழிப்பதுமில்லை. ஜெபமும் உபவாசமும் வேத தியானமும் உழவு. அவற்றைச் செய்வோம். மழையின் சாவி நம் கையில் இருப்பதாக மட்டும் பிறரிடம் பேசாதிருப்போம்.

ஆவிக்குரிய வளர்ச்சி என்று நாம் அழைப்பது ஏணியில் ஏறுவது போன்றதன்று என்று இப்போது நினைக்கிறேன். பெறுவதற்கு மெல்ல மெல்லப் பழகுவது அது. அவ்வாறு பழகியவர் கொடுக்கும்போது தம்மைப் பெரியவராக எண்ணமாட்டார். கேட்கும்போது தம்மைச் சிறியவராகவும் எண்ணமாட்டார். அன்று பின்வரிசையிலிருந்து எழுந்து நின்றவரிடம் அந்த இரண்டையும் கண்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மீண்டும் கூட்டம் என்று அறிவித்திருக்கிறார்கள். அக்காவிடம் தொலைபேசியில் பேசினேன். அன்று வாய்மூடி இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, சாப்பிட்டியா?" என்றார். இம்முறை கணக்கைப் பற்றி நான் கேட்கப் போகிறேன், நின்றுகொண்டு, மரியாதையோடு. நண்பர்கள் எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். உங்கள் சபைகளில் 'தாழ்மை' என்ற சொல் யாரால், யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதையும் இந்த வாரம் சற்றுக் கவனித்துப் பார்த்து எழுதுங்கள். மாற்றுக் கருத்துள்ளோரின் மறுமொழியை மிகவும் எதிர்பார்க்கிறேன்.